ஹாண்டில் போடும் வித்தை

இக்காலத்து மோட்டார்க் காரில் ஏறி உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்துகிறவர், அந்த அழுத்தலுக்கும் எஞ்சின் ஓடத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட ஒரு விநாடிக்குள் எத்தனை காரியங்கள் கிரமம் தவறாமல் நடந்தேறுகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கும் அவசியமும் அவருக்கு நேர்வதில்லை. பெட்ரோலும் காற்றும் உரிய விகிதத்தில் கலக்க வேண்டும். கலந்தது சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு அழுத்தப்பட வேண்டும். அழுத்தம் உச்சத்தை எட்டும் தருணம் பார்த்து மின்பொறி தெறிக்க வேண்டும். இவ்வளவுக்கும் முன்னால், அசைவற்றுக் கிடக்கும் கனத்த இரும்பு அங்கங்களை வெளியிலிருந்து யாராவது சுழற்றிவிட வேண்டும். மோட்டார் வாகனங்களின் ஆரம்ப காலத்தில் இவை அனைத்தையும் மனிதன் தன் கையாலும் காதாலுமே நடத்தி வைத்தான். காரின் முன்புறத்தில், ரேடியேட்டருக்குக் கீழே தொங்கிய வளைந்த இரும்புத் தண்டு ஒன்றே அதற்கு அவனுக்கு வாய்த்த சாதனம். அதைச் சுழற்றி வண்டியைக் கிளப்புவதை நம்மவர்கள் ஹாண்டில் போடுவது என்றார்கள்.

பழைய கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹாண்டில் போடுவதை ஒரு பலப்பரீட்சையாகவே வருணிப்பது வழக்கம். புஜபலம் படைத்தவன் ஒருவன் வந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு சுழற்றினான், வண்டி கிளம்பிற்று என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடும். அது அந்த வித்தைக்கு இழைக்கப்படும் அநீதி என்பது என் அபிப்பிராயம். ஹாண்டில் போடுவதில் பலத்தின் பங்கு சொற்பம். யந்திரத்தின் வயிற்றுக்குள் அந்த க்ஷணத்தில் என்ன நிகழ்கிறது என்னும் ஞானத்தின் பங்கே அதிகம். அந்த ஞானம் இல்லாத பலசாலிகள் மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். அது உள்ள மெலிந்த சரீரிகள் அதே ஹாண்டிலை ஒரு கையால் ஒரே இழுப்பில் இழுத்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

இதை விளக்குவதற்கு ஃபோர்டு கம்பெனியாரின் மாடல் டி காரைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 1908-ஆம் ஆண்டு அக்டோபரில் டெட்ராய்ட் நகரில் விற்பனைக்கு வந்த அந்தக் கார், 1927-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை, ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913-இல் நகரும் பட்டறை வரிசை ஏற்பட்ட பிறகு படிப்படியாக இறங்கி, 1925-இல் மிகச் சாதாரண வகை 260 டாலருக்கே கிடைத்தது. அதனால் பணக்காரரின் கார்களை அவர்கள் சம்பளத்துக்கு வைத்த ஓட்டுநர்கள் ஹாண்டில் போட்டுக் கிளப்பிய காலம் போய், குடியானவரும் கிராமத்து வைத்தியரும் பள்ளி ஆசிரியரும் தாமே ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து நிற்கும் காலம் வந்தது. உலக சரித்திரத்தில் மிக அதிகமான ஜனங்களுக்கு ஹாண்டில் போடக் கற்றுக்கொடுத்த வண்டி இதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

பெட்ரோல் எஞ்சினை ஏன் வெளியிலிருந்து ஒருவர் சுழற்றிவிட வேண்டும்? நீராவி எஞ்சினுக்கு இந்தத் தேவை இல்லை. கொதிகலனில் சேர்ந்திருக்கும் ஆவியைத் திறந்துவிட்ட மாத்திரத்தில் அது பிஸ்டனைத் தள்ளும். பெட்ரோல் எஞ்சினுக்கோ அவ்வாறு முன்கூட்டிச் சேர்த்துவைத்த சக்தி கிடையாது. தனக்கு வேண்டிய ஆகாரத்தை அது தானே உள்ளிழுத்து, தானே அழுத்தி, பிறகுதான் எரித்துக்கொள்ள வேண்டும்; உள்ளிழுப்பதற்கும் அழுத்துவதற்கும் அது முதலிலேயே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். இந்தச் சிக்கலிலிருந்து அதை விடுவிக்க வெளியிலிருந்து ஒரு கை வந்தாக வேண்டும். மாடல் டி காரின் நான்கு சிலிண்டர்களும் முறை வைத்துக்கொண்டு வேலை செய்வதால், எஞ்சினின் சுழலும் தண்டாகிய கிராங்க் ஷாஃப்ட் அரைச் சுற்றுச் சுற்றுவதற்குள் ஏதாவதொரு சிலிண்டரில் அழுத்தம் ஏற்பட்டே தீரும். அதன் எஞ்சின் ஏறக்குறைய 2.9 லிட்டர் கொள்ளளவும் இருபது குதிரைச் சக்தியும் உடையது. ஆனாலும் வாயுவை அது அழுத்தும் விகிதம் நாலு அல்லது நாலரைக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. ஆகவே சாமானிய மனிதன் ஒருவனுடைய கைக்கு அது அடங்கிற்று.

மின்பொறி உண்டாவதற்கு ஃபோர்டு செய்திருந்த ஏற்பாடு விசேஷமானது. எஞ்சினின் பின்புறத்தில் சுழலும் ஃப்ளைவீல் என்னும் பெரிய சக்கரத்தின்மீது வளைந்த காந்தங்கள் பதினாறைப் பூட்டி, அவற்றுக்கு எதிரே பதினாறு கம்பிச் சுருள்களை அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். சக்கரம் சுழலச் சுழல அந்தச் சுருள்களில் மின்சாரம் பிறக்கும். இதுதான் மாக்னெட்டோ. அங்கிருந்து வரும் மின்சாரம், ஓட்டுநரின் காலுக்கு எதிரேயுள்ள மரப்பெட்டிக்குள் வரிசையாக நிற்கும் நான்கு காயில்களில் ஒன்றுக்குப் போகும். எஞ்சினின் முன்பக்கத்திலுள்ள டைமர் என்னும் சிறு கருவி, இப்போது எந்தக் காயிலின் முறை என்று தீர்மானித்து அனுப்பும். ஒவ்வொரு காயிலின் தலையிலும் சிறிய எஃகுத் தகடொன்று உண்டு. மின்சாரம் வந்ததும் அது வண்டின் ரீங்காரத்தோடு அதிரும். அது அதிரும் வரையில் ஸ்பார்க் பிளக்கில் பொறிகள் சரமாகத் தெறித்துக்கொண்டிருக்கும். மெல்லச் சுழலும் ஃப்ளைவீலில் மாக்னெட்டோவின் மின்சாரம் பலவீனமாகவே இருக்கும் என்பதால், கிளப்பும் சமயத்துக்கு மட்டும் பாட்டரியை உபயோகிப்பவர்களும் உண்டு. பாட்டரிக்கு ஒரு பக்கமும் மாக்னெட்டோவுக்கு மறுபக்கமுமாகத் திருப்பும் சாவி ஓட்டுநரின் எதிரிலேயே இருக்கும்.

ஹாண்டிலைத் தொடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியங்கள் பல. முன் ஆசனத்தைத் தூக்கி, அதன் அடியிலுள்ள தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான மாடல் டி கார்களில் தொட்டி அங்கேதான் இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். எண்ணெயின் அளவைப் பார்ப்பதற்கோ வண்டியின் அடியில் படுத்துத்தான் தீர வேண்டும்: ஃப்ளைவீல் கூட்டின் பின்புறத்தில் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு சிறு திருகுகுழாய்கள் இருக்கும், எண்ணெயின் மட்டம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது உத்தமம். இவற்றை முடித்துக்கொண்டு ஓட்டுநர் ஆசனத்தருகே வந்து, தரையிலிருந்து எழும் கை பிரேக்கைக் கடைசிவரை பின்னால் இழுத்துவிட வேண்டும். இந்த ஒரு லீவர்தான் பின் சக்கரங்களைப் பிடிப்பதோடு எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பையும் அறுத்து வைக்கிறது. இதை மறந்துவிட்டால், எஞ்சின் கிளம்பிய க்ஷணமே, முன்னால் நிற்கிறவர்மீது கார் ஏறி வந்துவிடும்.

அடுத்து ஸ்டீரிங் சக்கரத்தின் கீழே இரு புறமும் நீண்டிருக்கும் இரண்டு சிறு லீவர்களைக் கவனிக்க வேண்டும். வலப்புறத்தில் உள்ளது பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைப்பது. அதைச் சிறிதளவு கீழே இறக்கி வைத்தால் போதும். இடப்புறத்தில் உள்ளதோ மின்பொறி எப்போது தெறிக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது. மணிக்கட்டு பிழைப்பதும் முறிவதும் இந்த லீவர் நிற்கும் ஸ்தானத்தைப் பொறுத்தது என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அழுத்தப்பட்ட வாயுக்கலவை பொறி பட்ட அதே க்ஷணத்தில் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ அதன் ஊடே பரவுவதற்கு மிகச் சொற்பமேயானாலும் ஓரளவு காலம் பிடிக்கிறது. எஞ்சின் வேகமாக ஓடுகையில், பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பாகவே பொறி தெறித்தால்தான், பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கும் சமயத்தில் தீயின் முழு வேகமும் அதன் தலையில் இறங்கும். கையால் சுழற்றும்போதோ பிஸ்டன் ஆமை வேகத்தில் ஏறுகிறது. அப்போதும் பொறி முன்கூட்டியே தெறித்தால், பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கையிலேயே வெடிப்பின் வேகம் அதைக் கீழ்நோக்கி அறையும். எஞ்சின் எதிர்த்திசையில் திரும்பும். ஊஞ்சலைத் தள்ளிப் பழகியவர்களுக்கு இது நன்கு விளங்கும்: பலகை நம் பக்கம் வந்து நின்று திரும்பும் தருணத்தில் விரலால் தொட்டாலும் அது வீசிப் போகிறது, அது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கையில் கையை நீட்டினால் கைதான் நோகிறது. ஆகையால் கிளப்பும் சமயத்தில் இடப்புற லீவரை முழுவதும் மேலே தள்ளி, பிஸ்டன் உச்சியைத் தாண்டிய பிறகே பொறி பிறக்கும்படி செய்துகொள்ள வேண்டும். பாட்டரியை வைத்துக் கிளப்புகிறவர்கள் இந்த விதியை மயிரிழையும் மீறலாகாது. ஏனெனில் பாட்டரியின் மின்சாரம் எப்போதும் தயாராகக் காத்திருப்பதால், டைமர் தொட்ட உடனே பொறி பிறந்துவிடும்.

இனி, பழகிய ஒருவர் ஹாண்டில் போடும்போது பக்கத்தில் நின்று அவர் கையைப் பாருங்கள். ரேடியேட்டரின் ஓரத்தில் ஒரு கம்பி வளையம் வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும். அது சோக். அதை அவர் ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மின்சாரச் சாவி திறக்கப்படாமல் இருக்கும்போதே, ஹாண்டிலை உள்ளே அழுத்திப் பல்லில் பொருத்தி இரண்டு மூன்று முறை நிதானமாக மேலே இழுப்பார். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் காற்று குறைந்து பெட்ரோல் மிகுதியாகச் செல்லும். உள்ளே போகும் கலவையின் உறிஞ்சல் ஓசை காதில் விழும். பெட்ரோலின் மணம் லேசாக வீசும். அதுதான் அடையாளம். சோக்கை விட்டுவிட்டு அவர் ஓட்டுநர் ஆசனத்துக்குப் போய்ச் சாவியைத் திருப்புவார். பாட்டரியில் வைத்து, டைமரும் தொடும் இடத்தில் நின்றிருக்குமாயின், மரப்பெட்டிக்குள்ளிருந்து ரீங்காரம் எழும். மறுபடி முன்னால் வந்து குனிவார்.

அவர் பிடிக்கும் முறையைத்தான் உற்றுக் கவனிக்க வேண்டும். நாம் ஒரு கம்பியைப் பிடித்தால், நாலு விரல் ஒரு புறமும் கட்டைவிரல் மறு புறமுமாக வளைத்துப் பிடிப்பதே இயற்கை. அவரோ கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் சேர்த்து, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கைப்பிடியை விரல்களில் ஏந்திக்கொள்வார். ஹாண்டில் தாழ்ந்து கிடக்கும் நிலையிலிருந்து அதை மேல்நோக்கி இழுப்பாரேயன்றி, மேலிருந்து கீழே ஒருபோதும் அழுத்தமாட்டார். எஞ்சின் திருப்பி அடித்தால், மேல்நோக்கி இழுக்கும் விரல்கள் தாமே விரிந்து கைப்பிடியை நழுவ விடும்; கீழ்நோக்கி அழுத்துகிறவனுடைய நீட்டிய கையோ உடம்பின் பாரம் முழுவதையும் சுமந்துகொண்டு அடியை ஏற்கும். வலக்கையைவிட இடக்கையே உசிதம் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கும் காரணம் இதுவே: எதிரே நின்று பார்ப்பவருக்கு ஹாண்டில் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது, அது தலைகீழாகத் திரும்பினால் இடக்கையின் விரல்களைத் திறந்துகொண்டு விலகிப் போகும். கால்களை ஊன்றி, முகத்தையும் முழங்காலையும் ஹாண்டில் சுழலும் வட்டத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு, எதிர்ப்பு தட்டுப்படும் இடத்தைக் கையால் உணர்ந்து, அந்த இடத்தைத் தாண்டும்படி ஒரே வெட்டில் கால் சுற்று இழுப்பார். சுற்றிச் சுற்றிச் சுழற்றுவது சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கலாம். சாவி திறந்திருக்கும் வண்டியில் அப்படிச் செய்வது அபாயத்தை வலிய அழைப்பதாகும்.

எஞ்சின் பிடித்துக்கொண்டால் ஹாண்டில் தானே விலகிவிடும். அதன் உள்முனையில் உள்ள பற்களை ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் வெட்டியிருப்பதால், எஞ்சின் கையை முந்திச் சுழலத் தொடங்கியதும் சரிவுகள் ஹாண்டிலை வெளியே தள்ளிவிடும். ஆனால் எஞ்சின் எதிர்த்திசையில் திரும்பும்போது செங்குத்தான பக்கங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால், ஹாண்டிலும் அதனோடு சேர்ந்து வீசித் திரும்பும். இந்தச் சிறு அமைப்பில் எத்தனையோ மனிதருடைய எலும்பின் விதி அடங்கியிருந்தது. வண்டி கிளம்பியதும் மூச்சு விடவும் அவகாசம் கிடையாது: ஓட்டுநர் ஆசனத்துக்கு ஓடி, இடப்புற லீவரைக் கீழே இறக்கிப் பொறியை முன்னே கொண்டுவந்து, வலப்புற லீவரைத் திருத்தி, தடுமாறும் எஞ்சின் அணைந்துவிடாமல் காப்பாற்ற வேண்டும். பாட்டரியில் கிளப்பியவர் சாவியை மாக்னெட்டோவுக்கும் மாற்ற வேண்டும். தாமதித்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஹாண்டில் திருப்பி அடித்ததால் உண்டாகும் எலும்பு முறிவு அக்காலத்தில் எவ்வளவு சகஜமாக இருந்தது என்பதற்கு வைத்திய சாஸ்திரமே சாட்சி. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ஆரை எலும்பின் கீழ்நுனி மணிக்கட்டருகே பிளந்துபோவதை, இன்றைக்கும் எலும்பு வைத்தியர்கள் ‘கார் ஓட்டுநர் முறிவு’ என்றே ஆங்கிலத்தில் வழங்குகிறார்கள். லீவரை மேலே தள்ளி வைத்திருந்தாலும் விபத்து நேரக்கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லீவரிலிருந்து டைமருக்குப் போகும் தண்டு தேய்ந்து தளர்ந்திருந்தாலும், டைமரின் கம்பிகளில் உறை கிழிந்து ஒன்றோடொன்று உரசினாலும், கையால் வைத்த ஸ்தானம் ஒன்றாகவும் பொறி பிறக்கும் தருணம் வேறாகவும் ஆகிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெயிண்டுக்கும் பித்தளைக்கும் செலவிடும் சிரத்தையில் கொஞ்சத்தையாவது இந்தக் கம்பிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

மிச்சிகன், டகோட்டா போன்ற வட அமெரிக்கப் பிரதேசங்களின் குளிர்காலம் இந்த வித்தைக்குப் பெரும் சோதனையாக இருந்தது. மாடல் டி காரில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டவை. குளிரில் அந்த எண்ணெய் கூழாக இறுகி, கிளட்ச் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அப்போது கை பிரேக்கை இழுத்து வைத்திருந்தாலும் எஞ்சினின் சுழற்சி ஓரளவு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்து, கிளம்பிய வண்டி முன்னால் நிற்கிறவரை மெல்ல நெருக்கிக்கொண்டு நகரும். இதற்குக் குடியானவர்கள் கண்டுபிடித்த யுக்தி மிக அழகானது. முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, கை பிரேக்கைத் தளர்த்திவிடுவார்கள். தூக்கிய சக்கரம் எஞ்சினோடு சேர்ந்து தடையின்றிச் சுழலும். வண்டி நகராததோடு, சுழலும் அந்தச் சக்கரத்தின் பாரம் எஞ்சின் தன் சுற்றை விடாமல் பிடித்துக்கொள்ளவும் துணைசெய்யும். இரவில் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றுவதும், கார்புரேட்டரின்மீது வெந்நீர்த் துணியைச் சுற்றுவதும் வீட்டு வேலைகளோடு சேர்ந்த வேலைகளாக இருந்தன. வேறு கம்பெனிகளின் பெரிய கார்கள் சிலவற்றில், ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் சிறு பித்தளைக் கிண்ணம் வைத்து, அதன் வழியாகச் சில சொட்டுப் பெட்ரோலை நேரே உள்ளே விடுவதும் உண்டு.

இவ்வளவு தொல்லைகளுக்கிடையே அந்தக் கார் சில சமயம் தன் எஜமானருக்கு ஒரு சன்மானமும் அளித்தது. சற்று முன்புவரை ஓடி நிறுத்தப்பட்ட எஞ்சினில், ஒரு பிஸ்டன் உச்சியைத் தாண்டிய இடத்தில் எரியாத கலவையோடு நின்றிருக்குமானால், ஆசனத்தில் உட்கார்ந்தபடியே சாவியைப் பாட்டரிப் பக்கம் திருப்பி இடப்புற லீவரை அசைத்தால் போதும். காயில் ரீங்கரிக்கும், உள்ளே பொறி தெறிக்கும், ஹாண்டிலை ஒருவரும் தொடாமலே எஞ்சின் கிளம்பிவிடும். மாடல் டி வைத்திருப்பவர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வதைக் கேட்கலாம்.

ஹாண்டில் போடுவது ஸ்திரீகளுக்கு ஆகாத காரியம் என்று அக்காலத்தில் அநேகர் கருதினார்கள். பாட்டரியால் ஓடும் மின்சாரக் கார்களை விற்றவர்கள், சுழற்ற வேண்டியதில்லை, புகையில்லை, சப்தமில்லை என்று பெண்மணிகளை முன்னிட்டே விளம்பரம் செய்தார்கள். மாடல் டி-யை உலகுக்கு அளித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே, 1914-ஆம் வருஷத்து டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரில்தான் வலம் வந்தார். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1909-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி, இருபத்திரண்டு வயதான ஆலிஸ் ராம்சே என்ற மாது, மாக்ஸ்வெல் கார் ஒன்றில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, கார் ஓட்டத் தெரியாத மூன்று பெண்மணிகளை உடன் அழைத்துக்கொண்டு, பெரும்பகுதி சேறும் மணலுமான ஏறக்குறைய 3,800 மைல் பாதையைக் கடந்து, ஆகஸ்டு 7-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். அந்தக் காரும் ஹாண்டில் போட்டுக் கிளப்பிய காரே. பலத்தைவிட ஞானம் பெரிது என்று நான் மேலே சொன்னதற்கு இவரைவிட உயர்ந்த சாட்சியை என்னால் காட்ட முடியாது.

ஹாண்டிலுக்கு மாற்றுக் காண வேண்டும் என்ற எண்ணம் வெகு காலமாகவே இருந்தது. அழுத்தி அடைத்த காற்றையும் சுருள்வில்லையும் அசிடிலின் வாயுவையும் வைத்துப் பலர் முயன்றார்கள், எதுவும் நிலைக்கவில்லை. கார் உற்பத்தியாளரான பைரன் கார்ட்டர் என்பவர், வழியில் நின்றுபோன ஒரு பெண்மணியின் காருக்கு ஹாண்டில் போட்டு உதவப் போய், அது திருப்பி அடித்துக் காயமுற்று, 1908-இல் இறந்தார் என்றும், அந்தத் துக்கமே காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டை இதற்கு வழி தேடத் தூண்டிற்று என்றும் ஒரு வரலாறு பரம்பரையாகச் சொல்லப்பட்டு வருகிறது. சரித்திர ஆராய்ச்சியாளர்களிடையே இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. வழி கண்டவர் யார் என்பதில் வேறுபாடு இல்லை. ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் டெல்கோ நிறுவனத்தை நடத்திய சார்லஸ் கெட்டரிங்கே அவர். எஞ்சினைச் சுழற்றும் மின்சார மோட்டார் எஞ்சின் அளவுக்கே பெரியதாக இருக்கவேண்டுமே என்று நிபுணர்கள் ஆட்சேபித்தார்கள். கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டியைத் திறக்கும் மின்சார மோட்டாரை அமைத்த அனுபவசாலி. சில விநாடிகளே வேலை செய்துவிட்டு ஓய்ந்துவிடும் மோட்டாருக்குத் தன் சக்திக்கு மீறிய சுமையைக் கொடுத்தாலும் அது தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1911-இல் அவர் அமைத்துக் காட்டிய ஸ்டார்ட்டர், காடிலாக்கின் 1912-ஆம் ஆண்டுக் கார்களில் இடம்பெற்றது. சில ஆண்டுகளுக்குள் மற்ற கம்பெனிகளும் அதை மேற்கொண்டன. மின்சாரக் கார்கள் ஒதுங்கிப்போனதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஃபோர்டு மட்டும் 1919 வரையில் காத்திருந்து, அதன் பிறகே மாடல் டி-யில் ஸ்டார்ட்டரைச் சேர்த்தார். அப்போதும் ரேடியேட்டருக்குக் கீழே ஹாண்டில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஸ்டார்ட்டர் வந்த பிறகும் பல தலைமுறைக்கு ஹாண்டில் மறையவில்லை. பாட்டரி இறங்கிப்போனால் அதுவே கதி. நம் நாட்டுச் சாலைகளில் பழைய பஸ்ஸும் லாரியும் ஓடிய காலத்தை அறிந்தவர்களுக்கு, செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் டிரைவர் கைகாட்ட, க்ளீனர் பையன் ஆசனத்தடியிலிருந்து ஹாண்டிலை உருவிக்கொண்டு இறங்கி முன்பக்கம் ஓடும் காட்சி மறந்திருக்காது. வயல் கிணற்றடியில் ஆயில் எஞ்சினுக்கு ஹாண்டில் போட்ட விவசாயிகளும் இதே இலக்கணத்தைத்தான் பயின்றார்கள். அங்கே அழுத்தத்தைத் தளர்த்தும் லீவர் ஒன்றைத் தூக்கிவிட்டுச் சக்கரத்துக்கு வேகம் ஏற்றி, பிறகு அதைக் கைவிடுவது ஒரு வேற்றுமை. பிரான்ஸ் தேசத்து சித்ரோயென் 2சிவி காருக்கோ 1990-இல் அதன் உற்பத்தி முடியும் வரையில் ஹாண்டில் போடும் வசதி இருந்தது.

கோயம்புத்தூரில் உள்ள ஜீ.டி. கார் அருங்காட்சியகத்துக்கோ, நகரங்களில் நடைபெறும் பழைய கார் ஊர்வலங்களுக்கோ போகிறவர்கள், பளபளக்கும் விளக்குகளையும் தோல் ஆசனங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஒரு நிமிஷம் ரேடியேட்டருக்கு அடியில் குனிந்து அந்த ஹாண்டிலையும் அது நுழையும் துவாரத்தையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது வேறு. உங்கள் வண்டியில் பிற்காலத்தில் பொருத்திய ஸ்டார்ட்டர் இருந்தாலும், மாதத்தில் ஒரு முறையாவது அதை ஹாண்டில் போட்டே கிளப்புங்கள். அப்போது டைமரின் தேய்மானமும் அழுத்தத்தின் குறைவும் கைக்கு உடனே தெரிந்துவிடும். அந்தச் சமயத்தில் வீட்டிலுள்ள பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட இளைஞரையோ யுவதியையோ பக்கத்தில் நிறுத்தி, இடப்புற லீவரை ஏன் மேலே தள்ள வேண்டும் என்பதை முதலில் வாயால் சொல்லச் செய்யுங்கள். அவர்கள் அதைக் காரணத்தோடு சரியாகச் சொன்ன பிறகு, சாவியை மூடி வைத்து, கட்டைவிரலை எந்தப் பக்கம் வைப்பது என்று காட்டிக்கொடுத்து, ஹாண்டிலை அவர்கள் கையில் கொடுங்கள்.